போர்க்காலத் துப்பாக்கி ‘புதுப்பிக்கப்பட்டது’ என்றால் என்ன பொருள்?

படைக்கலச் சாலையில் பிரித்து, சுத்தம் செய்து, தேய்ந்த பாகங்களை மாற்றி மறுபடி பூட்டிய துப்பாக்கி என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றிய ஜெர்மானிய மவுசர் 98கே துப்பாக்கிகளைப் பாருங்கள். இன்னொரு போர் வந்தால் உதவட்டும் என்று அவற்றைச் செப்பனிட்டு, கிரீஸ் பூசிக் கிடங்கில் அடுக்கினார்கள். வேலை மொத்தமாக நடந்ததால், எந்தப் பாகம் எதனுடையது என்று பொதுவாக யாரும் பார்க்கவில்லை; பல சைக்கிள்களைக் கழற்றிக் குவித்துவிட்டு, கைக்கு வந்த சக்கரத்தை மாட்டியது போல. பிறகு போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) மேல், துப்பாக்கியின் உடலில் இருக்கும் வரிசை எண்ணையே மின் எழுத்தாணியால் கீறினார்கள். அந்தக் கோணல் கையெழுத்து (எனக்கு அதுதான் பிடிக்கும்) இன்றும் தெளிவாகத் தெரிகிறது.

எண்கள் பொருந்தினாலே ஆலையிலிருந்து ஒன்றாக வந்த பாகங்கள் என்று பலர் நம்புகிறார்கள். கீறிய எண் என்றால் அது பின்னாளில் சேர்ந்த ஜோடி.