வாசகர் கேள்வி – பதில்: கோடைக்கு வீட்டிலேயே ஐஸ்கிரீம்

சித்திரை பிறந்ததும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் செய்யும் குளிர்ச்சியான இனிப்புகளைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே விடை தருகிறேன்.

ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் கரண்டி இறங்காத அளவுக்குக் கல்லாகிவிட்டது. வாயில் போட்டால் நறநறவென்கிறது. எங்கே தவறு செய்தேன்?
– வாசகி, தங்கச்சிமடம்

சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. பாலில் இருந்த தண்ணீர்தான் இதற்குக் காரணம். பசும்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர்; அதை ஒரு கொதி வந்ததும் இறக்கி உறைய வைத்தால், அந்தத் தண்ணீர் மெதுவாக உறைந்து பெரிய பெரிய படிகங்களாக மாறுகிறது. நாவில் நறநறப்பது அந்தப் படிகங்களே. ஆகவே தண்ணீரைக் குறைக்க வேண்டும், எஞ்சிய தண்ணீரை விரைவாக உறைய வைக்க வேண்டும், உறையும்போதே கிளறிப் படிகங்களை உடைக்க வேண்டும்.

6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பால் ஒரு லிட்டர் எடுத்து, அடிகனமான பாத்திரத்தில், பாதிக்குச் சற்றுக் குறைவாக வரும்வரை சிறுதீயில் சுண்டக் காய்ச்சுங்கள். இறக்குவதற்கு முன் ஒரு மேசைக்கரண்டி சோளமாவை (கார்ன்ஃப்ளார்) குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, மாவு வாசனை போகும்வரை கிளறுங்கள். வெந்த மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு 100 கிராம் சர்க்கரையும் இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடரும் சேருங்கள். இப்படிச் செய்தால் கலவையின் கொழுப்பு ஏறத்தாழ 10 சதவீதத்தை எட்டும். நம் நாட்டு உணவுத் தர விதிகளின்படி ‘ஐஸ்கிரீம்’ என்று பெயரிட்டு விற்பதற்குத் தேவைப்படும் குறைந்தபட்சப் பால்கொழுப்பும் அதுவே. (கடையில் வாங்கும்போது உறையைப் படித்துப் பாருங்கள், தாவர எண்ணெயில் செய்ததில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று அச்சிட்டிருக்கும்.) சூடாக இருக்கும்போது கலவை சற்றுத் திகட்டுவதுபோல் இனிக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்தபின் நாவுக்கு இனிப்புக் குறைவாகவே தெரியும். திகட்டுகிறதே என்று சர்க்கரையைக் குறைத்தால் மீண்டும் கல்லாகிவிடும். உறைநிலையைத் தாழ்த்தி ஐஸ்கிரீமை மிருதுவாக வைத்திருப்பது அந்தச் சர்க்கரைதான்.

கலவை ஆறியதும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் காலையில் அகலமான, ஆழமில்லாத எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். முக்கால் மணிக்கு ஒரு முறை வெளியே எடுத்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டி, மத்தாலோ மிக்சியிலோ அடித்துத் திரும்ப வையுங்கள். மூன்று முறை அடித்தால் போதும். இந்த வேலையில் சோம்பல்பட்டால் முதல் நாள் காய்ச்சிய உழைப்பெல்லாம் வீண்.

கருப்பட்டி சேர்த்து ஐஸ்கிரீம் செய்ய ஆசைப்பட்டேன். கருப்பட்டிப் பாகை ஊற்றியதும் பால் திரிந்துவிட்டது. இரண்டு முறையும் இதே கதிதான்.
– வாசகி, சாயல்குடி

பனங்காட்டுக்கு நடுவில் இருந்துகொண்டு கருப்பட்டியை நினைத்தீர்களே, அதற்காகவே உங்களுக்கு விரிவாக எழுதத் தோன்றுகிறது. கருப்பட்டியில் இயல்பாகவே உள்ள சிறிதளவு அமிலத்தன்மையும் உப்புச் சத்துகளும் சூடான பாலின் புரதத்தைத் திரளச் செய்கின்றன. பாயசத்தில் அடுப்பை அணைத்த பிறகு வெல்லம் சேர்ப்பதும் இதனால்தான். பாலையும் பாகையும் தனித்தனியே நன்றாகக் குளிரவைத்த பின் கலந்தால் பெரும்பாலும் திரியாது.

ஆனால், என்னைக் கேட்டால், கருப்பட்டிக்குப் பசும்பாலைவிடத் தேங்காய்ப்பாலே பொருத்தமான துணை. சூடு கண்டதும் பசும்பால் திரிவதைப்போல் அது கருப்பட்டியோடு திரிவதில்லை. முதல் பாலில் கொழுப்பு நிறைய இருப்பதால் தனியாகக் கிரீம் வாங்கவும் வேண்டியதில்லை. நல்ல முற்றிய தேங்காய் இரண்டைத் துருவி, மிகக் கொஞ்சமான வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்து, அரை லிட்டர் கெட்டியான பால் எடுத்துக்கொள்ளுங்கள். 150 கிராம் கருப்பட்டியை அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசும் போக வெள்ளைத்துணியில் வடிகட்டுங்கள். இரண்டாம் பாலில் ஒரு கால் டம்ளர் எடுத்து, அதில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் கரைத்துக் கூழ்போல் காய்ச்சி, பாகையும் முதல் பாலையும் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பு, சுக்குப்பொடி, ஏலப்பொடி போட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்கி இறக்குங்கள். மாவுக்கூழ் இல்லாவிட்டால், குளிரும்போது தேங்காய்க் கொழுப்பு தனியே மேலேறிக் கட்டியாகிவிடும். ஆறியபின் மேலே சொன்ன முறையிலேயே உறையவைத்து அடிக்க வேண்டும். தேங்காய்ப்பால் வெயிலில் விரைவில் கெட்டுவிடும் என்பதால், பிழிந்ததை வெளியே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

கருப்பட்டியை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே சர்க்கரைப் பரல்கள் மின்னினால் சீனிப்பாகு கலந்ததாக இருக்கக்கூடும்.

நோன்பு நாள்களில் எங்கள் வீட்டில் கடல்பாசி காய்ச்சுவது வழக்கம். கோடைக்காக அதை ஃப்ரீசரில் வைத்தபோது, வெளியே எடுத்ததும் தண்ணீர் விட்டுச் சுருங்கிப்போனது. ஏன்?
– வாசகர், கீழக்கரை

கடல்பாசியை ஒருபோதும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்து உருகும்போது அது தான் பிடித்திருந்த தண்ணீரை வெளியே விட்டுவிடும். கடலில் விளையும் பாசியிலிருந்து அகர், அதாவது நாம் கடையில் வாங்கும் கடல்பாசி, எடுக்கும் முறைகளில் ஒன்றே இதுதான்: காய்ச்சிய கூழை உறையவைத்து, உருகவிட்டு, நீரை வடித்து உலர்த்துகிறார்கள். நீங்கள் காய்ச்சிய கடல்பாசிக்குக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக் குளிரே போதுமானது. அதன் பெருமையும் குளிரில் இல்லை. 85 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் உருகும். 40 பாகைக்குக் கீழே வந்தாலே இறுகத் தொடங்கும். மின்சாரம் போன பிற்பகலிலும் கட்டி கலையாமல் நிற்கும் இனிப்பு இது ஒன்றே. 10 கிராம் பாசியை முதலில் தண்ணீரில் மட்டும் முழுவதும் கரையும்வரை காய்ச்சி, பிறகு சூடான இனிப்புப் பாலோடு கலந்தால் மொத்தம் ஒரு லிட்டர் வரை உறையும். இளநுங்கைத் தோல் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, பாசி இறுகத் தொடங்கும் வேளையில் போட்டுப் பாருங்கள். முற்றி இறுகிய கடுக்காய் நுங்கு வேண்டாம்.

மன்னார் வளைகுடாவின் பாறைகளுக்கிடையே மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள் நம் மாவட்டத்தவர்கள். அகருக்கான மூலப்பொருள் அந்தப் பாசிதான். கடையில் பொட்டலம் வாங்கும்போது அவர்களை நினைத்துக்கொள்வோம்.

எங்கள் வீட்டில் குளிர்பெட்டி இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் எளிதாகக் கிடைக்கிறது. அதை வைத்துப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் செய்ய முடியுமா?
– வாசகர், மண்டபம்

தாராளமாக முடியும், ஒரே ஒரு கண்டிப்போடு. மீனுக்காக உற்பத்தியாகும் ஐஸ் உண்பதற்கு உரியதன்று. அது பாத்திரத்துக்கு வெளியே மட்டும் இருக்கலாம், உணவில் ஒரு துளியும் படக்கூடாது.

மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்குவாளியில், குளிர்ந்த கலவையை முக்கால் அளவுக்கு ஊற்றுங்கள். அதைப் பெரிய வாளிக்குள் வைத்து, சுற்றிலும் நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கும் கல்லுப்பு ஒரு பங்குமாக மாற்றி மாற்றி நிரப்பி, வாளியைச் சாக்கால் சுற்றிவிடுங்கள். உப்புப் பட்ட ஐஸ் உருகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். உப்பும் ஐஸும் சரியான அளவில் சேர்ந்தால் குளிர் சுழியத்துக்குக் கீழே 21 பாகை வரை இறங்கக்கூடும். வீட்டு ஃப்ரீசருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் குளிர் சுழியத்துக்குக் கீழே 18 பாகைதான். தூக்குவாளியைப் பிடித்து இரு பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியையும் விளிம்பையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்த பின்பே திறந்து, ஓரத்தைச் சுரண்டி விடுங்கள். அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் மிருதுவாகத் திரண்டுவிடும். அப்போதே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். உருகியதை மறுபடி உறையவைத்துக் கொடுப்பது கூடாது. எஞ்சும் உப்புத்தண்ணீரைச் செடிகளின் வேரில் ஊற்றாதீர்கள்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். பதநீரும் கிடைக்கிற காலம் அது. அதிகாலையில் இறக்கிய பதநீரை உடனே காய்ச்சி, சுண்ணாம்பு அடியில் தங்கத் தெளியவைத்து, மேலாக வடித்துச் சிறு டம்ளர்களில் ஊற்றிக் குச்சி செருகி, இதே ஐஸ் வாளியில் நீர் உள்ளே புகாதபடி மூடி வைத்தால், சர்க்கரையே சேர்க்காத குச்சி ஐஸ் கிடைக்கும்.

சர்க்கரை நோய் உள்ள என் மாமனார், கருப்பட்டி ஐஸ்கிரீம் என்றால் சாப்பிடலாம் என்கிறார். சரியா?
– வாசகி, தேவிபட்டினம்

சரியன்று. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைச் சத்துதான். அது இரத்தச் சர்க்கரையை ஏற்றும். இனிப்புச் சேர்க்காத இளநுங்கை, மருத்துவர் சொல்லும் அளவுக்கு உட்பட்டு, குளிரவைத்துக் கொடுங்கள். வீட்டில் எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிடும் நேரத்திலேயே அவருக்கும் ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தால், தம்மை ஒதுக்கிவிட்டதாக அவர் வருந்தமாட்டார்.