நீல ஹோஸ்டா: மலையோரத் தோட்டக்காரர்களுக்குப் பதில்

செங்கோட்டை: அக்கா, புளியறைப் பக்கம் தென்னை நிழலும் ஈரக்காற்றும் நிறைய. பெரிய நீலப்பச்சை இலை ஹோஸ்டா வருமா?

வராது தம்பி. நிழலும் ஈரமும் இருந்தாலும் குளிர் இல்லையே. ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி இது, குளிர்காலத்தில் இலையெல்லாம் வாடி விழுந்து மண்ணுக்குள் உறங்கி எழுந்தால்தான் மறுபடி துளிர்க்கத் தெம்பு வரும். 5 டிகிரியை ஒட்டிய குளிர் 600, 700 மணி நேரமாவது வேண்டும் என்பார்கள். புளியறையில் மார்கழியிலும் அது கிடையாது. முதல் வருஷம் நன்றாக வரும், அப்புறம் இலை சிறுத்துக்கொண்டே போய்ச் செத்துவிடும்.

மூணாறு: எங்கள் எஸ்டேட்டில் தை மாதம் புல்லே வெள்ளையாக உறைகிறது. இங்கே?

முயன்று பார்க்கலாம். ஆனால் அங்கே ராத்திரிதான் உறையும், பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், உறக்கம் பாதியில் கலையும். அதனால் தொட்டியில் வையுங்கள், இலை மஞ்சளானதும் தண்ணீரைக் குறைத்து, பனி தங்கும் பள்ளத்தில் காலை வெயில் படாத பக்கமாக நகர்த்திவிடுங்கள். அதுவும் போதாவிட்டால், இலை உதிர்ந்த வேர்க்கட்டையை மண் உதறி, லேசான ஈரமுள்ள தேங்காய் நார்த்தூளில் பொதிந்து ஃபிரிட்ஜில் எட்டு, பத்து வாரம் வைக்கலாம். ஃப்ரீசர் கூடாது. பக்கத்தில் ஆப்பிளும் வாழைப்பழமும் இருக்கவே கூடாது, பழம் விடும் எத்திலீன் வாயு குருத்தைக் கெடுக்கும். ரகம் என்றால் நான் ‘எலிகன்ஸ்’ சொல்வேன், 1905இல் ஜெர்மனியில் உருவானது, இன்றும் அதன் இலைக்கு ஈடு குறைவு. முழு அளவு வர ஐந்தாறு வருஷம் ஆகும், பொறுமை வேண்டும்.

வட்டவடை: வாங்கும்போது நீலமாக இருந்தது, இப்போது பச்சை. உரக் குறைவா?

இல்லை. இலை பச்சைதான், மேலே படிந்த மெழுகுதான் நீலமாகக் காட்டுகிறது. வெயிலிலும் விடாத மழையிலும் அது கரைந்துபோகும். இலையைத் துடைக்காதீர்கள், வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் எதுவும் தெளிக்காதீர்கள், தண்ணீரை அடியில் ஊற்றுங்கள். அடுத்த பருவத் துளிரில் நீலம் திரும்பும். நத்தையை ராத்திரி டார்ச் அடித்துக் கையால் பொறுக்குங்கள். தடித்த இலை என்பதால் இந்த ரகத்தை அது அவ்வளவாகத் தொடாது.

குமுளி: நாய் இந்த இலையைக் கடித்துத் தின்றால்?

வாந்தி எடுக்கும். எட்டாத இடத்தில் வையுங்கள்.

கம்பம்: அப்போ எங்களுக்கு வழியே இல்லையா அக்கா?

ஹோஸ்டாவை விடுங்கள், ஊதாத் தண்டுச் சேம்பு வையுங்கள். அதன் இலையிலும் சாம்பல் பூத்த மாதிரி மெழுகு உண்டு, வாழை நிழலில் தொழுவுரம் போட்டுத் தண்ணீர் காயாமல் பார்த்துக்கொண்டால் இலை முறம் அளவுக்கு விரியும்.