அவர் முகத்தைப் பார்த்தால், கைகளை யார் பார்ப்பது?

கேள்வி: எனக்கு 31 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் மெய்க்காவலராக இருக்கிறேன். ஒரு வழக்கில் சாட்சி சொன்னதால் மிரட்டலுக்கு ஆளான தொழிலதிபருக்கு எட்டு மாதமாகப் பாதுகாப்புக் கொடுக்கிறேன். மனைவியை இழந்தவர். இருவருக்குள்ளும் காதல் வந்துவிட்டது. சென்ற வாரம் ஒரு விருந்தில், தட்டேந்திய பணியாளர் என்னைக் கடந்து அவரை நெருங்கிய பிறகுதான் கவனித்தேன். அதுவரை அவர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “வேலையை விட்டுவிடு, உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, காதலித்தது தவறா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சுக்குள் போகவில்லை. என்னை உலுக்கியது அந்தத் தட்டுதான். கூட்டத்தில் முகங்களைவிடக் கைகளைக் கவனி என்பது உங்கள் தொழிலின் அரிச்சுவடி. அன்று அந்தக் கையில் இருந்தது தட்டு, அவ்வளவுதான். எனவே உங்களை வேறு பணிக்கு மாற்றும்படி நாளைக்கே கேளுங்கள். காதலை முறிக்கச் சொல்லவில்லை. காவலை மட்டும் இன்னொருவரிடம் கொடுங்கள்.

இப்படிப்பட்ட காதல்கள் நிலைக்குமா என்றால், இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. மொனாக்கோ இளவரசி ஸ்டெபனி தன் மெய்க்காவலராக இருந்தவரை 1995-இல் மணந்தார். மறு ஆண்டே விவாகரத்து. அமெரிக்கப் பத்திரிகை அதிபர் குடும்பத்துப் பெண் பாட்ரிசியா ஹர்ஸ்ட் தன் மெய்க்காவலராக இருந்த போலீஸ்காரரை 1979-இல் மணந்து, 2013-இல் அவர் இறக்கும்வரை சேர்ந்து வாழ்ந்தார். தாய்லாந்து மன்னர் 2019-இல் மணந்த சுதிடா, அவருடைய மெய்க்காவல் படையில் துணைத் தளபதியாக இருந்தவர். மன்னருக்கென்ன, காவலுக்கு ஒரு படையே உண்டு. உங்களவருக்கு நீங்கள் ஒருவர்தானே!

எட்டு மாதமாக அவர் உயிர்ப்பயத்தில் இருக்கிறார். அந்த நிலையில், பக்கத்தில் நிற்பவர் மீது வரும் பிடிப்பு பொய்யல்ல. ஆனால் மிரட்டல் ஓய்ந்த பிறகும் அது நீடிக்குமா என்று இன்றைக்கு அவராலேயே சொல்ல முடியாது. உங்கள் பக்கத்தையும் பாருங்கள். அவர் எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறார், யாருடைய போன் வந்தால் குரல் மாறுகிறது என்பதுவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? உங்கள் அம்மாவின் பெயராவது?

அடுத்து, “வேலையை விட்டுவிடு” என்கிறாரே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அன்பாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் இன்று உங்கள் சம்பளம் அவர் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. நாளை உங்கள் சாப்பாடும் அவர் கையிலிருந்து என்றால், மனம் மாறினால் எங்கே போவீர்கள்? “வேலையை விட மாட்டேன், உங்களுக்கான காவலை மட்டும் விடுகிறேன். அடுத்த மாதம் வேறொரு ஆணுக்குப் பாதுகாப்பாக நான் வெளியூர் போக நேரலாம், சம்மதமா?” என்று கேட்டுப் பாருங்கள். பதிலைவிட, பதிலுக்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதைக் கவனியுங்கள். கவனிப்பதற்கு உங்களுக்கா சொல்லித்தர வேண்டும்?

மேலாளரிடம் உண்மைக் காரணத்தையே சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் இதற்குத் தடை இருக்கலாம், முதலில் படித்துவிடுங்கள். கண்டிப்பார்கள், பிறர் சொல்லித் தெரியவந்தால் வேலையே போகும். உங்கள் இடத்துக்கு வருபவரிடம் மிரட்டல் வந்த எண்கள், மாற்று வழிகள், அவருடைய மருந்து விவரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். அந்த விருந்தில் நடந்ததையும் சேர்த்து.