கிரேக்கத் தீவு ஒன்றில், கடற்கரையுள்ள சிறிய ஊரில் தங்க விரும்புகிறேன், எங்கே செல்லலாம்?

சாண்டோரினி போன்ற நெரிசலான இடங்கள் வேண்டாம், நடந்தே சுற்றக்கூடிய ஊரும் குளிக்க நல்ல கடலும் இருந்தால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். சாமோஸ் தீவின் தென்கிழக்குக் கரையிலுள்ள பித்தாகோரியோவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பள்ளிக் கணக்கில் நாம் படித்த பித்தாகரஸ் பிறந்த தீவு அது; முன்பு டிகானி என்று வழங்கிய இந்த ஊருக்கு 1955இல் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

படகுத்துறையை ஒட்டி உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. இன்றைய அலைதடுப்புச் சுவர், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் சாமோஸை ஆண்ட பாலிகிரடீஸ் ஆட்சியில் கட்டிய தடுப்பின்மேல்தான் நிற்கிறது.

கடலுக்காகவே சென்றாலும், ஊருக்குப் பின்னாலுள்ள மலையில் யூபலினோஸ் என்னும் பொறியாளர் குடைந்த சுரங்கத்தைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். ஊற்று நீரை நகருக்குள் கொண்டுவர, அதே காலத்தில் மலையின் இரு பக்கங்களிலிருந்தும் ஒரே சமயத்தில் வெட்டத் தொடங்கி, நடுவே சந்திக்கவைத்த 1,036 மீட்டர் நீளச் சுரங்கம் அது. நுழைந்ததும் தோள் உரசும் அளவுக்குக் குறுகலாக இருக்கும் வழி, போகப்போக நிமிர்ந்து நடக்குமளவுக்கு விரிகிறது. ஒரு பக்கம் தரையைப் பிளந்து வெட்டிய ஆழமான வாய்க்கால் தெரியும். அதில் பதித்த சுடுமண் குழாய்கள் வழியாகத்தான் நீர் ஓடியது. சுவரில் உளி பட்ட தடங்களைத் தொட்டபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. மூச்சுமுட்டும் இடங்களுக்கு அஞ்சுபவர்கள் மட்டும் யோசித்துச் செல்லட்டும்.

கடற்கரைகளைப் பொறுத்தவரை, மெரினாவைப் போன்ற மணற்பரப்பை எதிர்பார்க்க வேண்டாம். ஊருக்கு மேற்கே நீளும் பொட்டோகாகி கரை முழுவதும் கூழாங்கற்கள். காய்ந்திருக்கையில் வெளிறிக் கிடப்பவை, அலை நனைத்ததும் பச்சையும் செம்பழுப்புமாக நிறம் மாறுகின்றன. மணல் கலங்காததால் கழுத்தளவு நீரில் நின்றாலும் கால்விரல்கள் தெரியும். ஆனால் வெறுங்காலுடன் நடப்பது வேதனை; நீரில் அணியும் ரப்பர் காலணி அவசியம். குழந்தைகளோடு சென்றால், கிழக்கே சற்றுத் தொலைவிலுள்ள ப்சிலி அம்மோஸ் கடற்கரை நல்லது. அங்கே மென்மணலும் ஆழமில்லாத நீரும் உண்டு. எதிரே துருக்கியின் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தோன்றும், ஏனெனில் இடையிலுள்ள நீரிணை மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்தான்.

மேற்கே, கிரேக்கத் தெய்வமான ஹேராவின் கோயில் இடிபாடுகளில் ஒற்றைத் தூண் மட்டும் நிற்கிறது. அதற்கு அரைநாள் போதும். கோயிலையும் பித்தாகோரியோவையும் சேர்த்து யுனெஸ்கோ 1992இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்தெமி என்னும் வடகாற்று பலமாக வீசுவதால், கோடை முழுவதும் சூடேறிய கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் செப்டம்பரையே தேர்ந்தெடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. துருக்கியின் குஷாதாசிக்குப் படகில் சென்றுவர எண்ணினால், துருக்கி விசாவும் வேண்டும். அங்கிருந்து மீண்டும் சாமோஸுக்குள் நுழைய, பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவாக விண்ணப்பியுங்கள்.