அமெரிக்க கவுண்டி ஓட்டு எண்ணிக்கை ஏன் நாள்கணக்கில் மாறுகிறது?

தேர்தல் இரவில் ஒரு எண், நான்கு நாள் கழித்து வேறொரு எண், இது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசோனா மாநிலத்தின் மாரிகோபா கவுண்டியை எடுத்துக்கொள்வோம் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). 2020 அதிபர் தேர்தலில் அங்கே பதிவானவை 20,89,563 ஓட்டுச்சீட்டுகள். பெரும்பாலானவை தபாலில் போன சீட்டுகள்.

தாமதம் அங்கேதான். சீட்டு இருக்கும் உறையில் வாக்காளர் கையெழுத்துப் போட்டிருப்பார். அதைக் கோப்பில் இருக்கும் பழைய கையெழுத்தோடு ஊழியர் ஒப்பிடுவார். பொருந்தாவிட்டால் வாக்காளரைக் கூப்பிட்டு, சரிசெய்ய அவகாசம் தருவார்கள். பொருந்தினால்தான் உறை பிரியும், சீட்டு எண்ணும் இயந்திரத்துக்குப் போகும்.

முன்கூட்டியே வந்த தபால் ஓட்டுகளின் எண்ணிக்கைதான் தேர்தல் இரவில் முதலில் வெளியாகும். சிலர் தபால் சீட்டை வீட்டிலேயே வைத்திருந்து, தேர்தல் நாளில் வாக்குச்சாவடிப் பெட்டியில் போடுவார்கள். அவை கடைசியில்தான் எண்ணப்படும். 2020-இல் அந்தக் கடைசிக் கட்டுகள் டிரம்புக்குச் சாதகமாக இருந்ததால் பைடனின் முன்னிலை தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் பைடன் 10,40,774, டிரம்ப் 9,95,665.

இரண்டையும் கூட்டினால் மொத்தச் சீட்டுக்கு ஐம்பதாயிரத்துச் சொச்சம் குறையும். பதற வேண்டாம், ஓட்டு காணாமல் போகவில்லை. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்தவை, அதிபர் பகுதியைக் காலியாக விட்டவை எல்லாம் அதில் அடக்கம்.

அப்புறம், 2021-இல் மாநில செனட்டில் (சட்டமன்ற மேலவை) இருந்த, டிரம்பின் குடியரசுக் கட்சியினர் தனியார் நிறுவனத்தை வைத்துக் கையால் மறுபடி எண்ண வைத்தார்கள். பைடனுக்கு 99 ஓட்டு கூடியது, டிரம்புக்கு 261 குறைந்தது.