‘செட்’ என்னும் சொல்லும் அதன் பல பொருள்களும்: கேள்வி பதில்

‘செட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். சொல்லை மட்டும் தனியே அனுப்பாமல், அது இடம்பெறும் வாக்கியத்தையும் முழுமையாக அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். வாக்கியம் இல்லாமல் இந்தச் சொல்லுக்குப் பொருள் கூற என்னால் இயலாது.

கல்லூரி மாணவி: ஐயா, ஆங்கிலத்திலேயே மிக அதிகமான பொருள்களைக் கொண்ட சொல் ‘செட்’ தான் என்று படித்தேன். மொத்தம் எத்தனை பொருள்கள் உள்ளன?

பதில்: 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்தச் சொல்லுக்கு 430 பொருள்கள் உண்டு என்றும், அந்தப் பதிவு மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள் நீளம் என்றும் பரவலாகக் குறிப்பிடுவார்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் ‘ரன்’ என்னும் வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் தேறியதாக 2011இல் செய்தி வந்தது. ஆனால் அப்போது ‘செட்’ பதிவு இன்னும் புதிய முறைப்படி திருத்தப்பட்டிருக்கவில்லை. ஒன்றைப் பழைய படியிலும் மற்றொன்றைப் புதிய படியிலும் அளந்துவிட்டு எது பெரிது என்று கேட்பதில் பயனில்லை. மேலும், கடிகாரத்தில் நேரத்தைச் சரிசெய்வதையும் அலாரம் வைப்பதையும் ஓர் அகராதியாசிரியர் ஒரே பொருளாகக் கொள்வார். மற்றொருவர் இரண்டாகப் பிரிப்பார். எண்ணிக்கை அவரவர் பிரிக்கும் முறையைப் பொறுத்தது.

மொழிபெயர்ப்பாளர்: ஜெல்லி ‘செட்’ ஆகிறது, மருத்துவர் எலும்பை ‘செட்’ செய்கிறார், சூரியனும் ‘செட்’ ஆகிறது. இவை அனைத்துக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல் உண்டா, ஐயா?

பதில்: ஒரே சொல் கிடையாது. ஆயினும் இவை எங்கிருந்து கிளைத்தன என்பது தெரிந்தால் தக்க தமிழ்ச் சொல்லைத் தேர்வது எளிதாகும் என்பதால், உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்கிறேன். ‘சிட்’ என்றால் உட்கார் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அதன் பிறவினைதான் ‘செட்’. திருந்து என்பதற்குத் திருத்து எப்படியோ, வருந்து என்பதற்கு வருத்து எப்படியோ, அப்படியே ‘சிட்’ என்பதற்கு ‘செட்’. பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘செட்டன்’. ஒன்றை உட்காரச் செய்தல், இருத்துதல் என்பது அதன் பொருள். ‘லை’ (படு) என்பதற்கு ‘லே’ (கிடத்து), ‘ஃபால்’ (விழு) என்பதற்கு ‘ஃபெல்’ (வீழ்த்து) என இத்தகைய இணைகள் ஆங்கிலத்தில் இன்னும் சில எஞ்சியுள்ளன. இந்த வேர் ஆங்கிலத்தோடு நிற்பதும் அன்று. லத்தீன் வழியாக வந்த ‘செஷன்’ என்ற சொல்லிலும், வடமொழியில் ‘அருகில் அமர்தல்’ என்று பிரியும் உபநிடதம் என்ற சொல்லிலும் இதே வேர் உள்ளது.

இனி உங்கள் எடுத்துக்காட்டுகளுக்கு வருவோம். ஜெல்லி உறைகிறது; சிமெண்டு இறுகுகிறது; முறிந்த எலும்பை மருத்துவர் நேர்ப்படுத்திப் பொருத்துகிறார்; மோதிரத்தில் கல்லைப் பதிக்கிறார்கள்; திருமணத்துக்கு நாள் குறிக்கிறார்கள். அலாரம், பொறி, தீ ஆகிய மூன்றுக்கும் நம்மிடம் ‘வை’ என்ற ஒரு வினையே போதுமானது. கோழியை அடைவைத்தல் என்கிறோமே, அந்த இடத்திலும் ஆங்கிலத்தில் ‘செட்’ வரும். அங்கே பழைய ‘உட்காரச் செய்தல்’ பொருள் அப்படியே இருக்கிறது. மழைக்காலம் தொடங்கி நிலைத்துவிட்டால் ‘செட் இன்’ என்பார்கள். நாம் மழை பிடித்துக்கொண்டது என்போம். பூவில் பிஞ்சு உண்டாவதும் அவர்களுக்கு ‘செட்’, நமக்கு அங்கேயும் பிடித்தல். சூரியனைப் பொறுத்தவரை, அது மறைவதைப் பழைய ஆங்கிலத்தில் ‘செட்ல்கங்’ என்றார்கள். சூரியன் தன் இருக்கைக்குச் செல்லுதல் என்பது அதன் நேர்ப்பொருள். நாம் சூரியன் மறைந்தது என்றோ சாய்ந்தது என்றோ எழுதினால் போதும். இருக்கையைத் தமிழுக்குள் இழுத்துவர வேண்டாம்.

மொழி ஆர்வலர்: நம் முன்னோர் ‘செட்டாகக் குடும்பம் நடத்தினார்’ என்பார்கள். ஆங்கில ‘செட்’ நம் ‘செட்டு’ என்ற சொல்லிலிருந்து சென்றதுதானே?

பதில்: இல்லை. நம் ‘செட்டு’ சிக்கனத்தைக் குறிக்கும் சொல். ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது.

போட்டித் தேர்வு எழுதுபவர்: சார், ‘செட்’ என்ற சொல்லுக்கு மொத்தம் எத்தனை அர்த்தங்கள்? தேர்வில் கேட்பார்களா?

பதில்: எண்ணிக்கையை முதல் கேள்விக்கான விடையில் காண்க. தேர்வில் என்ன கேட்பார்கள் என்பதைத் தேர்வு நடத்துவோரிடம் கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: தாங்கள் தேவையின்றிச் சிக்கலாக்குகிறீர்கள் என்று கருதுகிறேன். ‘நிலைபெறச் செய்தல்’ என்ற ஒரே மையப்பொருளை வைத்துக்கொண்டால் எல்லாம் அதற்குள் அடங்கும். கணிதத்தில் வரும் ‘செட்’ கூட உறுப்புகள் வரையறுத்து நிலைநிறுத்தப்பட்ட தொகுப்புதானே?

பதில்: ஐயா, இந்த வாதத்தை மரியாதையோடு மறுக்கிறேன். தொகுப்பைக் குறிக்கும் ‘செட்’ என்ற பெயர்ச்சொல் பிறந்த இடமே வேறு. அது ‘செட்’ என்னும் வினையின் வழியில் வராமல், ‘செக்டா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு ‘செட்’ வழியாக வந்தது. ஒருவரைப் பின்தொடர்வோரின் கூட்டம் என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. கோட்டோடு அணியும் ‘சூட்’ கூட, பின்தொடர்தலைக் குறிக்கும் அதே வினையிலிருந்து வந்த உறவினர். ஆகவே கணிதத்தின் கணத்தையும் தேநீர்க் கோப்பைகளின் தொகுப்பையும் ‘நிலைபெறச் செய்தல்’ என்பதில் அடக்குவது, முடிவைப் பார்த்துவிட்டுக் கதையைப் பின்னோக்கி எழுதுவதாகும். வினையின் பொருள்களே கூட உங்கள் மையத்துக்கு அடங்கா. பயணம் புறப்படுவதற்கு ‘செட் ஆஃப்’ என்கிறார்கள். ஒருவர்மீது பாய்ந்து தாக்குவதற்கு ‘செட் அபான்’ என்கிறார்கள். இவற்றில் எது நிலைபெறுகிறது?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: பயணத்தின் திசை நிலைபெறுகிறது என்று கொள்ளலாமே?

பதில்: கொள்ளலாம். அந்த அளவுக்கு நீட்டினால் எந்தச் சொல்லையும் எந்த மையத்துக்குள்ளும் கொண்டுவந்துவிடலாம். எல்லாவற்றையும் விளக்கும் மையப்பொருள், ஒரு மாணவருக்கு ஒரு வாக்கியத்தைக்கூட விளக்காது.

மொழிபெயர்ப்பாளர்: நான் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இரண்டு ‘செட்’களும் வேறு வேறு வழியில் வந்தவை என்பது அறிஞர்களுக்குத்தான் தெரியும். அன்றாடம் பேசுகிறவர் இரண்டையும் ஒரே சொல்லாகத்தானே உணர்கிறார்? பின் ஏன் பிரிக்க வேண்டும்?

பதில்: மிக நல்ல கேள்வி, ஆசிரியர் ஐயாவின் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் கேள்வியும்கூட. பெயர்ச்சொல் ‘செட்’ காலப்போக்கில் வினையின் செல்வாக்குக்கு உட்பட்டது என்பதை அகராதியாசிரியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒன்றாக அமைத்துவைக்கப்பட்ட பொருள்கள் என்ற எண்ணம் இரண்டையும் நெருங்கச் செய்தது. தமிழில் ‘ஆறு’ என்ற சொல்லைப் பாருங்கள். நதியும் வழியும் ஒன்றோடொன்று உறவுடைய பொருள்கள். எண்ணைக் குறிக்கும் ஆறு தனி. சூடு தணிவதைக் குறிக்கும் ஆறு என்ற வினையும் தனி. பேசுகிறவர் இவற்றின் பிறப்பை ஆராய்வதில்லை, குழம்புவதும் இல்லை.

ஏன் குழம்புவதில்லை என்பதற்குத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் விடை தருகிறது. பல பொருள் ஒரு சொல்லின் பொருளை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்கிறது அது. மா பூத்தது என்றால் வினையால் மரம் என்று தெரிகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால் உடன் வரும் மருதால் மரம் என்று தெரிகிறது. சொல்லை அது சேர்ந்திருக்கும் கூட்டத்தைக் கொண்டு அறியலாம் என்ற கருத்தை 1957இல் ஃபிர்த் என்ற ஆங்கில மொழியியலாளரும் எழுதினார். ஆகவே பொருளைத் தெளிவதற்கு மையப்பொருளும் வேண்டாம், பிறப்பு வரலாறும் வேண்டாம். வரலாறு சுவையானது என்பதால் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: அப்படியானால் மாணவருக்கு எதைத்தான் சொல்லிக்கொடுப்பது?

பதில்: ‘செட்’ வரும்போது மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: எழுவாய் எது, செயப்படுபொருள் உண்டா, பின்னால் ‘ஆஃப்’, ‘அப்’, ‘இன்’ போன்ற துணைச்சொல் ஒட்டியிருக்கிறதா. பெரும்பாலான இடங்களில் இவையே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றொரு மாணவர்: இறந்தகாலத்தில் ‘செட்டட்’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. மூன்று வடிவங்களிலும் ‘செட்’ தான்.

பெயர் குறிப்பிடாதவர்: ‘செட்’ என்ற சொல்லின் எல்லா அர்த்தங்களையும் ஒரே பட்டியலாகப் பி.டி.எஃப். வடிவில் அனுப்ப முடியுமா?

பதில்: முடியாது; முடிந்தாலும் அனுப்ப மாட்டேன். பட்டியலை மனப்பாடம் செய்தவர், வாக்கியத்தைக் கண்டதும் 430இல் எது என்று தேடிக்கொண்டு நிற்பார். நாள்தோறும் ஒரு பக்கம் ஆங்கிலம் படியுங்கள். இந்தச் சொல் தானாகவே வந்து சேரும்.

மென்பொருள் பணியாளர்: ‘எனக்கு இந்த வேலை செட் ஆகல’ என்று பேசுகிறோம். இது பிழையான ஆங்கிலமா, சார்?

பதில்: இது ஆங்கிலமே அன்று, தமிழ், ஆகவே பிழை என்ற பேச்சுக்கு இடமில்லை. பொருந்தவில்லை, ஒத்துவரவில்லை என்ற பொருளில் ஆங்கிலேயர் இந்தச் சொல்லை இப்படி ஆளமாட்டார்கள். நம் பேச்சு செய்திருக்கும் வேலை அதைவிடச் சுவையானது. ஆங்கிலத்தில் சிமெண்டு தானாக இறுகினாலும் ‘செட்’, ஒருவர் ஒன்றை அமைத்தாலும் ‘செட்’. வடிவத்தில் வேறுபாடு கிடையாது. தமிழ் அதைக் கடன் வாங்கியதும் ‘செட் ஆச்சு’, ‘செட் பண்ணு’ என்று தன்வினையையும் பிறவினையையும் பிரித்துவிட்டது. ‘சிட்’, ‘செட்’ என்று தொடக்கத்தில் இருந்த வேறுபாட்டை நம் ‘ஆகு’வும் ‘பண்ணு’வும் வேறு வழியில் மீட்டெடுத்திருக்கின்றன. அலுவலகக் கடிதத்தில் எழுதாதீர்கள். பேச்சில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பொது அறிவு ஆர்வலர்: அப்படியென்றால் கடைசியில் ‘செட்’ பெரிதா, ‘ரன்’ பெரிதா?

பதில்: முதல் விடையைப் படிக்கவும்.

இளம் வழக்கறிஞர்: ஐயா, ஓர் ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழாக்கும்போது ‘த ஆர்டர் இஸ் செட் அசைட்’ என்ற வாக்கியம் வந்தது. ‘ஆணை ஒதுக்கி வைக்கப்படுகிறது’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

பதில்: முழு வாக்கியத்தோடு வந்ததற்கு நன்றி. நீங்கள் எழுதியது தவறு, அதுவும் ஆபத்தான தவறு. ஒருவர் சம்பளத்தில் ஒரு பகுதியை ‘செட் அசைட்’ செய்தால் அது ஒதுக்கி வைத்தல். அந்தப் பணம் பத்திரமாக இருக்கிறது. நீதிமன்றம் ஓர் ஆணையை ‘செட் அசைட்’ செய்தால் அந்த ஆணை ரத்தாகிவிடுகிறது. உங்கள் தமிழாக்கத்தைப் படிக்கும் கட்சிக்காரர், ஆணை இன்னும் உயிரோடு இருக்கிறது, பின்னால் எடுத்துக்கொள்ளப்படும் என்று எண்ணிக் காத்திருப்பார். ‘ரத்து செய்யப்படுகிறது’ என்று எழுதுங்கள். அதே தீர்ப்பில் ‘ஸ்டே’ என்ற சொல் வந்தால் அதற்கு இடைக்காலத் தடை என்று வேறாக எழுத வேண்டும். அங்கேதான் ஆணை உயிரோடு இருந்து, நடைமுறைக்கு வராமல் நிற்கிறது. ‘செட் ஆஃப்’ வந்திருந்தால் இன்னொரு முறை எழுதுங்கள், ஏனென்றால் கடன் வழக்குகளில் அது புறப்படுவதைக் குறிக்காது. ஒருவர் தரவேண்டிய தொகையை அவருக்கு வரவேண்டிய தொகையில் கழித்து ஈடுசெய்வதைக் குறிக்கும்.