கணவாயின் நிறமும் புரோட்டானின் பாதையும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கணவாய் என்ற கடலுயிரியின் தோலைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘ரிஃப்ளெக்டின்’ என்ற புரதம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, மின்னோட்டத்தையும் கடத்துகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் வேதியியல் படித்தவன். புரதம் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். நிறத்துக்கும் மின்கடத்தலுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம், இதை வைத்து மாயப் போர்வை செய்யப்போகிறார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறதே, அதை எவ்வளவு நம்பலாம்?

கே.

அன்புள்ள கே.,

சம்பந்தம் இருக்கிறது. இரண்டுமே மின்னூட்டமும் தண்ணீரும் சேர்ந்து செய்யும் வேலைகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் புரதத்தில் என்னை இழுத்துப் பிடித்திருப்பதே அந்த இடம்தான்.

கணவாயின் தோலில் நிறம் இரண்டு விதமாக உண்டாகிறது. மேலடுக்கில் நிறமிப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பையையும் சுற்றியுள்ள தசைகள் இழுத்தால் பை விரியும், விட்டால் புள்ளியாகச் சுருங்கும். ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் வேலை இது. அதற்குக் கீழே இருக்கும் செல்களில் நிறமியே கிடையாது. அங்கே ரிஃப்ளெக்டின் நிரம்பிய மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் செல்லுக்கு வெளியே உள்ள திரவம். சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிவதும் இதே இயற்பியலால்தான். அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகளில் சில ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில அழிந்துபோகின்றன. எந்த நிறம் மிஞ்சும் என்பதைத் தட்டின் தடிமனும் இடைவெளியும், ஒளியை அது எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண்ணும் தீர்மானிக்கின்றன.

இந்தப் புரதத்துக்குப் பெயர் வைத்து 2004இல் அறிவித்தவர்கள், ஹவாயில் மார்கரெட் மெக்ஃபால்-நகாயும் அவருடைய சகாக்களும். அவர்கள் ஆராய்ந்தது ஹவாய்க் கடலில் வாழும் ஒரு குட்டிக் கணவாயை. வேதியியல் படித்த உங்களுக்கு அதன் அமினோ அமிலப் பட்டியலே வியப்பாக இருக்கும். மற்ற புரதங்களில் அரிதாக வரும் டைரோசின், மெத்தியோனின், ஆர்ஜினைன், டிரிப்டோஃபான் எல்லாம் இதில் ஏராளம். எங்கும் சாதாரணமாகக் கிடைக்கும் லியூசின், லைசின், அலனைன் ஏறக்குறைய இல்லவே இல்லை. 2007இல் ஈ.கோலை பாக்டீரியாவில் இதை வளர்த்து எடுத்து மென்படலமாகப் பரப்பியபோது, அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.59 என்று தெரிந்தது. தண்ணீருக்கு 1.33தான். ஒரு புரதத்துக்கு இது மிக அதிகம்.

நிறம் மாறுவது எப்படி? கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் டேனியல் மோர்ஸின் குழு பல ஆண்டுகள் உழைத்து இதைப் பிரித்துக் காட்டியது. ரிஃப்ளெக்டினின் சங்கிலியில் நேர்மின்னூட்டம் மிகுதி. ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்கும் என்பதால் மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி நிற்கும், நடுவே தண்ணீர் தங்கும். நரம்பு, செய்தி கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினை வெளியிட்டதும் செல்லுக்குள் ஒரு சமிக்ஞைத் தொடர் ஓடி, ரிஃப்ளெக்டினில் பாஸ்பேட் குழுக்கள் வந்து ஒட்டுகின்றன. பாஸ்பேட்டில் இருப்பது எதிர்மின்னூட்டம். விலக்குவிசை தணிகிறது, சங்கிலிகள் மடிந்து நெருங்குகின்றன, உள்ளிருந்த தண்ணீர் சவ்வு வழியாக வெளியேறுகிறது. தட்டு மெலிகிறது, புரதம் செறிந்து ஒளிவிலகல் எண் ஏறுகிறது, சிவப்பாகத் தெரிந்தது பச்சையாகி, பிறகு நீலமாகிறது. பாஸ்பேட்டை நீக்கினால் தண்ணீர் திரும்ப வந்துவிடும், நிறமும் பழையபடி ஆகும்.

நரம்பின் ஒரு செய்தி, மூலக்கூறின் மின்னூட்டம் வழியாக, நூறு நானோமீட்டர் அளவிலான ஒரு தடிமனாக மாறி, அங்கிருந்து நிறமாகக் கண்ணுக்கு வந்து சேர்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை எடுத்தாலும் மற்றவை நின்றுவிடும். இவ்வளவையும் தோலில் வைத்திருக்கும் கணவாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணில் ஒரே ஒரு காட்சி நிறமிதான் உண்டு என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

இப்போது மின்கடத்தல். நீங்கள் படித்தது எலக்ட்ரான்களைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் ரிஃப்ளெக்டினில் ஓடுவது எலக்ட்ரான் இல்லை, புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அணுவின் கரு. கலிஃபோர்னியாவின் அர்வைனில் அலோன் கொரோடெட்ஸ்கியின் குழு 2014இல் இதை வெளியிட்டது. ஈரப்பதமான ரிஃப்ளெக்டின் படலத்தில் புரோட்டான்கள் நன்றாகவே கடக்கின்றன. ஒரே புரோட்டான் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போவதில்லை. தீயணைக்க வரிசையாக நிற்பவர்கள் வாளியைக் கைமாற்றுவதுபோல, தண்ணீர் மூலக்கூறுகளும் புரதத்தின் பக்கக் குழுக்களும் புரோட்டானை அடுத்தடுத்துக் கொடுத்து விடுகின்றன.

அதை அவர்கள் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண நீராவிக்குப் பதில் கனநீரின் ஆவியைக் கொடுத்தார்கள். கனநீரில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக இருக்கும் டியூட்டீரியம் கனமானது, அதனால் கடத்தல் குறைந்தது. பிறகு புரதத்தின் ஆஸ்பார்ட்டிக், குளூட்டாமிக் அமிலங்களை எடுத்துவிட்டு அந்த இடங்களில் அலனைனை வைத்தார்கள். அப்போதும் கடத்தல் குறைந்தது. புரோட்டானைக் கைமாற்றும் ‘கை’களில் அந்த அமிலக் குழுக்களும் அடக்கம் என்று இதிலிருந்து தெரிகிறது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. தண்ணீரைப் பிடித்துவைத்து விடுவிக்கும், மின்னூட்டம் செறிந்த ஒரு சங்கிலிதான் நிறத்தையும் மாற்றுகிறது, புரோட்டானுக்கும் வழிவிடுகிறது.

மாயப் போர்வை விஷயத்துக்கு வருகிறேன். 2013இல் கிராஃபீன் ஆக்சைடு என்ற மெல்லிய கார்பன் பொருளின் மேல் ரிஃப்ளெக்டினைப் பூசி, அசிட்டிக் அமில ஆவியைக் காட்டியபோது, படலம் உப்பி, அதன் பிரதிபலிப்பு அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்ந்தது. அகச்சிவப்புக் கேமராவிலிருந்து மறைய இது உதவலாம் என்பதுதான் செய்திகளுக்கு மூலம். சோதனை உண்மை. ஆனால் ஆவி பட்டால் மாறும் ஒரு சிறு படலத்திலிருந்து உடுத்திக்கொள்ளும் போர்வைக்கு மிக நீண்ட தூரம். இந்தப் புரதம் எளிதில் திரண்டு கட்டியாகிவிடும், கரைசலில் வைத்துக் கையாள்வது சிரமம். காற்றின் ஈரப்பதம் மாறினால் படலத்தின் நிறமும் மாறும். ஆகவே கண்ணுக்கு மறையவைக்கும் போர்வை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

நான் நம்புவது வேறு இரண்டை. ஒன்று, புரதத்தையே விட்டுவிட்டுக் கணவாயின் உத்தியை மட்டும் எடுத்துக்கொள்வது. அதே அர்வைன் குழு 2019இல் நீளும் பாலிமரின் மேல் செப்புத் துணுக்குகளை நெருக்கமாகப் பதித்த ஒரு தாளைக் காட்டியது. இழுக்காதபோது செம்பு வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்பும். இழுத்தால் துணுக்குகள் விலகி, இடைவெளி வழியே வெப்பம் வெளியேறும். விரிந்து சுருங்கும் நிறமிப் பையின் உத்திதான் இது. எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வெப்பம் வெளியேறும் என்பதால், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் உடைகளுக்கும் உறைகளுக்கும் இது சீக்கிரம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, உயிருள்ள திசுவோடு பேசும் கருவிகள். சிலிக்கான் எலக்ட்ரானில் இயங்குகிறது. நம் நரம்புகளோ சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளில் இயங்குகின்றன. நடுவில் நின்று அயனி மொழியை மின்சுற்றுக்குக் கொண்டுசேர்க்க, மென்மையான, தண்ணீரைத் தாங்கும் பொருள் வேண்டும். ரிஃப்ளெக்டினைக் கொண்டு புரோட்டானில் இயங்கும் டிரான்சிஸ்டர்களை ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார்கள். 2020இல் மனித சிறுநீரகச் செல் வரிசை ஒன்றில் ரிஃப்ளெக்டினைத் தயாரிக்க வைத்து, சுற்றியுள்ள உப்பின் அளவை மாற்றி, அந்தச் செல்கள் ஒளியைச் சிதறடிக்கும் அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். கணவாயின் புரதம், மனிதச் செல்லுக்குள், மின்னூட்டச் சூழலுக்கு ஏற்ப ஒளியைக் கையாண்டது. போர்வைச் செய்திகளை ஒதுக்கிவிட்டு, ஒரு வேதியியலாளராக இந்த ஆய்வை முதலில் படியுங்கள்.

அன்புடன்.